கழித்தல்

கிளினிக் மிஸ்ஸி ரத்தச் சீட்டின் பின்பக்கத்தில்
மலாயில் எழுதித் தந்தார்:
வியாழன், இரவு எட்டு, லாபிஸ், டயர் கடை மாடி.
பேங்க் புத்தகத்துக்குள் செருகி வைத்தேன்.
நாலு மாதம் அந்தப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு வியாழன்
எதிர்க் கடையில் உட்கார்ந்து ஐஸ் கச்சாங் தின்றேன்,
யார் யார் ஏறுகிறார்கள் என்று பார்க்க.
லோரி ஓட்டும் சன்னாசி ஏறினார்.
கோழிக்கடை ஆ ஹோக்.
அப்புறம், ஐயோ, என் மகளுக்கு
ஏழாம் வாய்ப்பாடு சொல்லித் தந்த வாத்தியார்.
கிண்ணத்தில் ஐஸ் சிவப்புத் தண்ணீரானது.
வீட்டுக்குப் போய்க் குடித்தேன்.

அடுத்த வியாழன் மழை,
அது ஒரு காரணம்.
அதற்கடுத்த வியாழன் மழையில்லை.
அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

செம்பனை ஆலையில் எனக்கு நிறுவை மேடை வேலை.
பழத்தோடு வரும் லோரியை நிறுப்பேன்,
இறக்கிவிட்டுப் போகும் லோரியை நிறுப்பேன்,
கழித்தால் வருவது பழம்.
பதினெட்டு வருஷம், ஒரு கிலோ பிசகியதில்லை.
மேசைக்கடியில் மிலோ பிளாஸ்க்.
அதில் மிலோ இருந்ததில்லை.

ஆம்பளை குடித்தால் லயம் முழுக்கக் கேட்கும்.
நான் குடித்தது சுவருக்கும் தெரியாது
என்றுதான் நினைத்திருந்தேன்.
ஒருநாள் மகள் அந்த பிளாஸ்க்கைக் கழுவி
வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள்.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாரம் ஏறினேன்.
பத்தொன்பது படி. பதினோராவதில் விளக்கு இல்லை.
மேலே புது டயர் வாசம், பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்பது ஆண்கள்.
சன்னாசி எழுந்து இடம் விட்டார்:
"உட்காரும்மா. யாருக்காக வந்தீங்க,
வீட்டுக்காரரா, தம்பியா?"

காற்றாடி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"எனக்காக."

நடை சாத்திய கோயிலிலும்
அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை.
வாத்தியார்தான் எழுந்து தேத்தண்ணி ஊற்றினார்.
கை நடுங்கியது, அவருக்கும்.

பெயர் மட்டும் சொன்னால் போதும் என்றார்கள்.
இந்த ஊரில் பெயரைச் சொன்னால்
மோட்டார் நம்பர் வரைக்கும் வந்துவிடும்.
இருந்தாலும் சொன்னேன், பூங்கோதை என்று.
அதற்குமேல் பேச்சு வரவில்லை.
ஆ ஹோக் பசார் மலாயில் தன் கதையை எடுத்தார்:
காலையில் கத்தியைப் பிடிக்க
முதலில் ஒரு கிளாஸ் வேண்டுமாம்,
இல்லையென்றால் கோழி போகும், விரலும் போகும்.
எனக்குப் பேனா பிடிக்க, என்றேன்.
அன்றைக்கு அவ்வளவுதான்.

தீபாவளிக்கு விழுந்தேன்.
நாத்தனார் வீட்டில். முதலில் பீர், பிறகு சம்சு,
பிறகு நினைவில்லை.
அறுபத்திரண்டு நாள் கணக்கு போய்
மறுபடி ஒன்று.
வியாழன் போய் அதையும் சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டு.
யாரும் புத்தி சொல்லவில்லை.
சன்னாசி தன் முறுக்குப் பொட்டலத்தை
என் பக்கம் தள்ளினார்.
அவர் மூன்று தீபாவளி விழுந்தவராம்.

இப்போது சாவி என்னிடம்.
ஏழரைக்கே திறந்து நாற்காலி விரிக்கிறேன்.
பதினோராவது படிக்கு ஒரு பல்பு வாங்கிப் போட்டேன்,
இரண்டு வாரம் எரிந்தது.

முடிந்து இறங்கும்போது
பழக்க தோஷம், கழித்துப் பார்க்கிறேன்:
ஏறியபோது இருந்தது எவ்வளவு,
இறங்கும்போது எவ்வளவு.
சில வியாழன் ஒன்றுமே குறைந்திருக்காது.
சில வியாழன் கூடியிருக்கும்,
சன்னாசியின் மகன் பேசாமல் போனதும்
வாத்தியார் விற்ற சங்கிலியும் சேர்ந்து.
அப்படியும்
படி இறங்குவது எளிதாகத்தான் இருக்கிறது.
ஆலையில் இந்தச் சீட்டு செல்லாது.

மோட்டாரை மிதிக்கிறேன்.
நாளைக்குக் காலை ஷிப்ட்.