நான்காவது பக்கம்

அத்திப்பட்டுக்கும் கொசஸ்தலைக்கும் நடுவில்
எட்டு ஏக்கர் சீமைக்கருவேலம்.
வெட்டினால் ஊரே கைதட்டும் மரம்.
யாரும் அழமாட்டார்கள் என்றுதான்
சாலையை இதன் வழியே வரைந்திருக்கிறார்கள்.

படிவத்தின் நான்காவது பக்கம்:
'வன உயிர்கள்' என்ற கட்டத்துக்குள்
'இல்லை' என்று
அச்சடித்தே வந்திருந்தது.
கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.
சலோமி, தள உதவியாளர்.

ஜேசிபியின் கை முதல் புதரில் இறங்கியதும்
ஒரு கீரி ஓடியது.
கீரி எங்கேதான் ஓடவில்லை,
அதைப் போய் எழுதுவார்களா என்றார் என்ஜினியர்.
பிறகு ஓர் உடும்பு,
முதுகெல்லாம் அனல்மின் சாம்பல்,
என் தண்ணீர் கேனைச் சுற்றிக்கொண்டு
அவசரமே இல்லாமல் போனது.

தேசிங்கு வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார்.
"எங்க செஞ்சிப் பக்கம் கரும்பு வெட்டும்போது
நாலு பக்கமும் சுத்தி வெட்டிக்கினே வருவோம் மேடம்.
கடைசியா நடுவுல நிக்கிறது கரும்பு இல்ல,
முயலு.
தடியோட காத்திருப்போம்.
நானும் நின்னிருக்கேன்."

அதற்குமேல் அவர் பேசவில்லை.
பீடியைப் பற்றவைக்காமலே
காதில் செருகிக்கொண்டு
வண்டியைத் திருப்பினார்.

ரோட்டோரம் தொடங்கி ஆற்றை நோக்கி
ஒரே திசையில், ஒரு பட்டை.
அப்புறம் எஞ்சின் நிறுத்தம், அரைமணி நேரம்.
அடுத்த பட்டை.
பக்கவாட்டில் கை வைக்கவே இல்லை.
டீசல் கூடியது, நாள் இரண்டு கூடியது.
காரணம் என்ற இடத்தில்
'சேறு' என்று எழுதினேன்.
பொய்தான். ஆனால் எண்ணூரில்
சேற்றை யார் சந்தேகப்படுவார்கள்?

ஆற்றோரம் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள்.
நாற்பதடி அகலத்தில் அலையாத்தி,
அதன் காலடியில் வெதுவெதுப்பான தண்ணீர்,
அந்தப் பக்கம் துறைமுகச் சுவர்.
வழி விட்டோம்.
இடம் கொடுத்தோம் என்று சொல்ல மாட்டேன்.

கடைசிப் பட்டைக்கு முந்தைய இரவு
ஹெட்லைட்டில் ஆறு கண்கள்,
மூன்று முயல்களா, இன்னும் உண்டா தெரியவில்லை.
தேசிங்கு விளக்கை அணைத்தார்.
இருட்டில் ஆள்காட்டி ஒன்று
எங்கள் இருவரையும்
வானத்திடம் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது.

காலையில் 'இல்லை'யின் மேல் கோடு போட்டேன்.
கட்டத்துக்குள் வேறெதுவும் எழுத
இடம் விட்டிருக்கவில்லை.
கீரி, உடும்பு, முயல்,
முட்டையோடு ஆள்காட்டி,
எல்லாம் தாளின் ஓரத்தில்,
பஞ்ச் ஓட்டைக்குத் தப்பி,
நெருக்கியடித்துக்கொண்டு.