நட்டு

மணிலாவிலிருந்து வருகிறேன் என்றாள்.
மணிலா என்றால் எனக்கு நிலக்கடலை,
வாழப்பாடிப் பக்கம் மானாவாரியில் விளைவது.
அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது,
அதில் சிற்பமோ என்னமோ செய்கிற ஒருத்தி இருக்கிறாள்,
மதியம் இரண்டரை மணி வெயிலில்
செவ்வாப்பேட்டையில் என் பழைய இரும்புக் கடைக்கு
அவள் வந்து நிற்பாள் என்று
யார் கண்டது?

பெயர் மரிசெல்.
ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட பங்களாவில்
மூன்று மாதம் தங்கி வேலை செய்கிறாளாம்.
என்ன வேலை என்றேன்.
கையை விரித்து என் கடை முழுவதையும் காட்டினாள்.

வெளிநாட்டு ஆளுக்கென்று எடுத்து வைத்திருந்த
பித்தளைக் குத்துவிளக்கை முன்னால் நகர்த்தினேன்.
அதைத் தாண்டிப் போய்
பிளாஸ்டிக் குவியலில் முழங்கை வரை விட்டு
கைப்பிடி உடைந்த ரோஸ் கலர் மக்கை எடுத்தாள்.
குளியலறை மக்கு.
அவள் ஊரிலும் வீட்டுக்கு வீடு இதேதானாம்,
பெயர் மட்டும் தாபோ.
தாபோ.
தா. போ.
சிரித்துவிட்டேன்.
என் வியாபாரமே இந்த இரண்டு சொல்தானே, அம்மா.

இருபத்தாறு மக்கு சேர்த்தாள்.
எடை போடத் தராசைத் தூக்கும் முன்
படிக்கல் தட்டின் அடியிலிருந்து
நட்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.
கை தானாகச் செய்வது.
வாங்கும்போது மாட்ட வேண்டும்,
விற்கும்போது கழற்ற வேண்டும்.
பதினோரு வருஷமாக அதற்கு வேறு வேலையில்லை.

லாரி நட்டு. துரு ஏறியது.
என் விரல் படுகிற இடம் மட்டும் மினுங்கும்.

அவள் மக்குகளை மறந்துவிட்டாள்.
நட்டை உள்ளங்கையில் வைத்து மூடினாள், திறந்தாள்,
கண்ணருகே பிடித்து
ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்தாள்.
தெருவில் அப்போது
ராசாமணி தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தாள்.

எவ்வளவு என்றாள்.
விற்பதற்கில்லை என்றேன்.
ஏன் என்றாள்.
அந்த ஏனுக்கு
எனக்குத் தமிழிலேயே பதில் கிடையாது.

ராசாமணி அட்டைக் கட்டைத் தட்டில் ஏற்றிவிட்டு
முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.
நான் மேஜையைப் பார்த்தேன்.
நட்டு இன்னும் மரிசெல் கையில்.
வேறு வழியில்லாமல் தூக்கினேன்.

'என்னண்ணா, இன்னிக்குக் கூட வருது?'
சந்தோஷப்படவும் பயந்துகொண்டு கேட்டாள்.

எடுத்துட்டுப் போங்க, என்றேன் மரிசெல்லிடம்.
காசு வேண்டாம்.
சாக்குக் கடை வகாப் பாய் எட்டிப் பார்த்தார்.
'சும்மாவா குடுத்தே? உனக்கென்ன நட்டு கழண்டுபோச்சா?'
ஆமாம் பாய்.
கழண்டுதான் போச்சு.

மே மாதம் ஓர் அழைப்பு வந்தது.
இருபது கொண்டை ஊசி வளைவு,
ஒவ்வொன்றிலும் சேலம் இடமும் வலமுமாய் மாறி
சின்னதாகிக்கொண்டே போனது.
காப்பிக்கொட்டை காயவைக்கிற ஷெட்டில்
தரையெல்லாம் என் மக்குகள், தண்ணீர் தளும்ப.
நடுவில்
வெள்ளை நூலில்
தன்னந்தனியாக அது.

பக்கத்தில் ஓர் அட்டை.
யாரிடமோ கேட்டுத் தமிழில் எழுதியிருந்தாள்:

நட்டு.
செவ்வாப்பேட்டை, சேலம்.
210 கிராம்.

வேறெந்தப் பொருளின் அட்டையிலும் எடை இல்லை.
இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தேன்.

ஒரு நாளைக்கு எத்தனை கட்டு,
ஒரு கட்டுக்கு எத்தனை தூக்கு,
பதினோரு வருஷம்,
ஞாயிற்றுக்கிழமை கழித்து,
ராசாமணிக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டாலும்...
கணக்கு பாதியில் நின்றது.
அந்தப் பக்கம் மரிசெல் குனிந்து
ஒரு மக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்,
அவ்வளவுதான்.

மின்விசிறிக் காற்றில் நட்டு மெல்லத் திரும்பி
மினுங்குகிற பக்கத்தைக் காட்டியது.

தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த ஒருவர்
என்னிடம் கேட்டார்:
'இது யாரோடதுங்க?'

என்னுதுங்க, என்றேன்.