இறங்கும் பக்கம்

பிரதேச சபை தந்தது
ஒரு வாளி மஞ்சள் பெயின்ற், இரண்டு அங்குலத் தூரிகை,
நாட்கூலி. மத்தியானச் சாப்பாடு இல்லை.
கோயிலடி மதகில் தொடங்கி
வௌவால் குகை வாசல் வரைக்கும்
ஐம்பதடிக்கு ஒரு அம்புக்குறி.
பலகையில் எழுத வேண்டியதைத் துண்டில் தந்தார்கள்:
குகை இரண்டரைக் கிலோமீற்றர்,
நேரம் ஐம்பது நிமிடம்,
கடினம் குறைவு.

வாளி தூக்க வந்தவன் சுவேந்திரன்.
ஏ.எல். றிசல்ட் வருமட்டும் எந்த வேலையும் செய்வானாம்.
முதல் அம்பைக் கீறி முடித்தேன்.
"வால் நீண்டு போச்சு அண்ணை,
திருக்கை மாதிரிக் கிடக்கு."
சரிதான். திருத்தப் போனேன்,
இன்னும் திருக்கையானது.

வயல் முடிய ஈச்சம்பற்றை,
அதற்கு மேலே பாலை.
பழக்காலம். செருப்பின் அடியெல்லாம் பால்.
கரடி கழித்துப்போன விதைகள்
கழுவி அடுக்கியதுபோல் ஒரு கல்லில்.
அதைத் தாண்டும்வரை இருவரும்
உரத்த குரலில் கிரிக்கெட் பேசினோம்.

துண்டில் இருந்த பாதை ஒன்று.
இங்கே மூன்று.
ஆடு போட்டது, விறகுக்காரர் போட்டது,
யார் போட்டதென்றே தெரியாத மற்றது.
நான் எதில் கீறுகிறேனோ
நாளையிலிருந்து அதுதான் பாதை.
இரண்டு அங்குலத் தூரிகைக்கு
இது கொஞ்சம் அதிகம்.

இரண்டாம் வளைவில் சுவேந்திரனின் தாய்
சோற்றுப் பார்சலோடு நின்றா,
எங்களுக்குத் தெரியாத ஏதோ குறுக்கால் வந்து.
கீழே திரும்பி அம்புகளைப் பார்த்தா.
"எல்லாம் ஏறத்தானா?"
ஏறத்தான், என்றேன்.
"ஏற ஆருக்குத் தம்பி வழி வேணும்?
செல் விழக்குள்ள கண்ணை மூடிக்கொண்டு ஏறினம்.
பதினொரு நாள்.
மறுகா இறங்கக்குள்ளதான்
எந்தப் பக்கம் எண்டு தெரியல்ல.
கையில இவன்."
நாடியால் வாளியைக் காட்டினா.
வாளி ஒன்றும் சொல்லவில்லை.
சோற்றைத் தந்துவிட்டு அப்படியே கிறுகிப் போனா,
மேலே வரவில்லை.

பொரித்த கீரி மீன், பருப்பு, மாங்காய்ச் சம்பல்.
தின்றுகொண்டே சொன்னான்:
பிறப்புப் பத்திரத்தில் ஆஸ்பத்திரியின் பேர்தான் இருக்காம்.
குகை என்று எழுத
கிளாக்கர் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

வாசலுக்கு வருமுன்னமே வௌவால் நெடி.
குனிந்து உள்ளே போனான்,
ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குக்
கையை விரித்துப் பார்த்தான்.
"இவ்வளவுதானா?
இருபத்தேழு குடும்பம் எண்டவ, பொய்."
மூலையில் மூன்று கல், அடுப்பு வைத்தபடி.
மேலே கரி.
அதைப் பார்த்த பிறகு பொய் என்று சொல்லவில்லை.
வாசற்கல்லில் குந்தினான்.
திடீரென்று ஃபோன் கிணுகிணுத்தது,
நாலு கோடு சிக்னல்.
"எனக்கு ஊரில ஒருநாளும் இப்படி விழாது அண்ணை."
கொட்டியாரக் குடா முழுக்க வெயில்.
அக்கரையில் மா ஆலை,
யாரோ நட்டுவிட்டு மறந்த வெள்ளைக் கட்டிபோல.
வந்து குவிந்த செய்திகளை
ஒவ்வொன்றாய் வாசித்துக்கொண்டிருந்தான்.
நான் கடைசி அம்பைக் கீறினேன்.

இறங்கத் திரும்பியபோதுதான் தெரிந்தது,
நான் கீறியதெல்லாம் கற்களின் முகத்தில்.
மேலிருந்து பார்த்தால்
முதுகுதான், ஒரே நிறம்,
காடு முழுக்க முதுகு.
வாளியில் கால்வாசி கிடந்தது.
ஒன்றும் பேசாமல் மூடியைத் திறந்தான்.

முதுகு முதுகாய்க் கீறிக்கொண்டு இறங்கினோம்.
இதற்குக் கூலி இல்லை.
பில்லில் எப்படிக் காட்டுவதென்றும் தெரியாது.
இருட்டிக்கொண்டு வந்தது, நுளம்பு பிடுங்கியது.
பலகையில் இறங்கும் நேரம் என்ன போட, என்று கேட்டேன்.
யோசித்தான்.
"ஒண்டும் போடாதேங்கோ."

இரண்டாம் வளைவில் பெயின்ற் முடிந்தது.
காய்ந்த தூரிகையால் தேய்த்து
ஒன்று மட்டும் வந்தது, பாதி மஞ்சள்,
வால் நீண்டு.
இந்தமுறை அவன் சிரிக்கவில்லை.
கீழே ஒரு நாய் குரைத்தது.
அங்காலை நாய்தான் வழி.