நான்கு அட்சரம்

படத்தில் அவள் கதவைச் சாத்துகிறாள்.
அவ்வளவுதான்.
திரை முழுக்க முகம்,
இமையில் ஒரு துடிப்பு,
பிறகு மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவனிடம்
"தாழ் போடல."
இந்த ஊரில் இரண்டு தலைமுறை
அந்த இரண்டு சொல்லைச் சொல்லித்தான்
வீட்டுச் சண்டைகளை முடித்திருக்கிறது.

டத்தோ கிராமாட் சாலையில்
டயர் கடைக்கு மேலே எங்கள் ஒத்திகை.
ரப்பர் நெடியில் அரைமண்டி.
முதல் வாரமே தெரிந்துவிட்டது:
கேமரா நடந்துபோய் அவள் கண்ணருகே நிற்கும்,
டேவான் ஸ்ரீ பினாங்கின் கடைசி வரிசை
எழுந்து வராது.
அங்கிருந்து பிரமிளாவின் கண்
ஒரு கடுகு.

அதனால் கண்ணில் இருந்ததைக்
குதிகாலுக்கு இறக்கினேன்.
கதவு கிடையாது, நிலை கிடையாது.
முதுகைக் காட்டி நிற்கிறாள்.
வலது குதிகால்
ஒரு விரற்கடை எழும்பி
இறங்காமல் நிற்கிறது.
போகிறாளா
இருக்கிறாளா.

படம் பதினோரு ஆண்டுகளை
ஒரே வெட்டில் தாண்டிவிடும்.
உடம்புக்கு வெட்டத் தெரியாது.
குணாளன் இடமிருந்து வலமாக
இருபத்திரண்டு அடி நடந்தான்,
மழையாக ஆடும் சியூ யென் கூடவே.
பதினேழாவது அடியில் அவனுக்கு மூச்சு வாங்கும்.
அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

நாணயமாற்றுக் கடை சிக்கந்தர் பாய்
செலவில் பாதி தந்தவர்,
படத்தைப் பத்தொன்பது தடவை பார்த்தவர்,
ஒத்திகைக்கு வந்தார்.
தாப்பாவ் கட்டிய தே ஓ ஐஸ்
கையிலேயே கரைந்தது.
"எல்லாம் நல்லா இருக்கு லா.
ஆனா அந்தப் பொண்ணு எப்போ பேசும்?"
பேசாது பாய்.
"ரெண்டு வார்த்தைதானே?"
அதைத்தான் கால் சொல்லுது பாய்.
குனிந்து அவள் காலைப் பார்த்தார்,
நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல.

முதல் இரவு.
மிருதங்கம் ஓய்ந்தது.
இருட்டில் யாரோ ஒருவர் தொடங்க
வரிசை வரிசையாக
முந்நூறு தொண்டை:
"தாழ் போடல."
படத்தின் வேகத்தில்,
எங்களுக்கு நான்கு அட்சரம் முன்னால்.
எழும்பப் போன குதிகால்
பாதியில் தடுமாறியது.

எல்லோரும் புல்லரித்தது என்றார்கள்.
பாய் கைக்குட்டையோடு வந்தார்.
எனக்கு ஆத்திரம்.
எட்டு மாதம் பேசாதிருக்கப் பழகிய ஓர் உடம்பின் மேல்
ஏறி நின்று பேசிவிட்டார்கள்.
வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தேன்,
நகம் படும்படி.

நாசி கண்டார் கடையில் நள்ளிரவு வரை தர்க்கம்.
அறிவிப்பு வைக்கலாம் என்றான் குணாளன்,
கைப்பேசியை அணைக்கச் சொல்வதுபோல
வாயையும்.
பிரமிளா மீன் தலையிலிருந்து நிமிராமல்
"அவங்களுக்கு எடம் விடுங்கக்கா" என்றாள்.
விட்டோம்.
மிருதங்கம் நான்கு அட்சரம் சும்மா இருக்கும்,
சபை சொல்லி முடிக்கும்,
பிறகு கால்.

இரண்டாம் இரவு
இடத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம்.
ஒருவரும் சொல்லவில்லை.
பால்கனியில் ஒரு இருமல்.
ஏசியின் முனகல்.
நான்காவது அட்சரமும் போனது,
ஐந்தும் போனது,
பிரமிளாவின் கால் எழவே இல்லை.
மறந்தாளா, மறுத்தாளா,
கேட்டால் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள்.

பக்கத்திரைக்குள்
என் உதடு அசைந்ததாம்.
சியூ யென் சொல்கிறாள்.
தமிழ் தெரியாதவள்,
"ரெண்டு சொல்" என்று
விரலைக் காட்டினாள்.

நாளை மூன்றாம் இரவு.
பின்வரிசையில் கொஞ்சம் டிக்கெட் இருக்கிறது.
மிருதங்கக்காரர் கேட்டார்,
அந்த நாலை எடுத்துடலாமா.
இல்லை, இருக்கட்டும் என்றேன்.