ரசீதின் இடது முன்னங்கால்

ஊத்துக்கோட்டை தாண்டி
சத்தியவேடு சாலையில் எங்கள் எடைமேடை.
இரவுப் பணி எனக்கு.
நாய்க்குப் பெயர் ரசீது.
கிழித்துப் போட்ட ரசீதுகளின் மேல்
ஒருநாள் தானாக வந்து படுத்தது.
தூங்குவது தமிழ்நாட்டில்,
சாப்பாடு ஆந்திராவில்,
கோட்டம்மா கடையின் பின்வாசலில்.
'வா' என்றாலும் வரும், 'ரா' என்றாலும் வரும்.
'போ' இரண்டு மொழிக்கும் ஒரே சொல்,
அது மட்டும் அதற்குப் புரியாது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு
மூன்று காலில் வந்தது.
நான்காவதைத் தூக்கிப் பிடித்திருந்தது,
யாரோ கொடுத்து வைத்த பொருள்போல.

மஞ்சளை அரைத்துப் பற்றுப் போடு
என்றார் ஜல்லி லாரி முனிரத்தினம்.
கிளீனர் பையன் சட்டைப் பையிலிருந்து
பாதி பாரசிட்டமால் எடுத்தான்:
"நமக்கு வலிச்சா போடறதுதானே, லூர்தக்கா?"
நமக்குப் போடுவது நாயைக் கொல்லும்.
வாங்கி
என் தலைவலிக்கு நான் போட்டுக்கொண்டேன்.

முதலில் வலிக்காத காலைத் தொட்டேன்.
அதன் சூடும் பருமனும் கைக்குப் பழகட்டும்.
பிறகு மற்றது,
தோளிலிருந்து மெல்லக் கீழே,
எலும்பு எலும்பாக.
கண் காலில் இல்லை, முகத்தில்.
முட்டியில் ஒன்றுமில்லை.
மணிக்கட்டில் ஒன்றுமில்லை.
விரலிடுக்குக்கு வந்தபோது
உதட்டை நக்கிக்கொண்டது,
கடிக்க வந்த வாயை
என்னைப் பார்த்து மூடிக்கொண்டது.

டார்ச் அடித்தால்
கம்பி.
சரக்கு லாரிக் கதவில் முறுக்குவார்களே,
ஈய முத்திரை வைத்து,
அந்தக் கம்பி.
எந்த லாரி, யார் அறுத்தது, உள்ளே என்ன இருந்தது,
அதெல்லாம் என் சம்பளத்தில் வராது.
முனிரத்தினம் வாயைத் துணியால் கட்டிப் பிடித்தார்.
குறடால் ஒரே இழு.
உப்புத் தண்ணீர். என் பழைய சுடிதார்க் கை.

துரு ஆழமாகப் போயிருந்தது.
விடிந்ததும் ஷேர் ஆட்டோ.
ஞாயிறு, நம் பக்கம் பூட்டு.
சத்தியவேட்டில் டாக்டரம்மா
ஈரத் தலையோடு கதவைத் திறந்தார்.
"ஏ ஊரு குக்க?"
தலை தெலுங்கு, வால் தமிழ் என்றா சொல்வது?
எடைமேடை, என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டார்.
"எத்தனை கிலோ?"
நாற்பது டன்னை நிறுத்துத் தருகிறவள்
வாய் திறக்காமல் நின்றேன்.
அவர் தூக்கிப் பார்த்து ஊசியை அளந்தார்.
பத்து நாள் ஓடக் கூடாது,
வீங்கினால், காலை ஊன்றவே இல்லையென்றால்
உடனே வா.

அன்று இரவு லாரி இல்லாத நேரம்
மேடையில் ஏற்றினேன்.
இருபது காட்டியது.
எங்கள் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்,
நிஜம் பதினாறோ பதினேழோ.
கட்டுப் போட்ட காலைத் தூக்கியது.
அப்போதும் இருபது.
மிச்சம் மூன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டன.
ஒரு பிரதி அடித்து வைத்தேன்:
வண்டி எண் இல்லை, சரக்கு இல்லை.

மேஜைக் காலில் கட்டிப் போட்டிருக்கிறேன்.
ஒவ்வொரு ஹாரனுக்கும்
என்னைப் பார்க்கிறது,
நான்தான் காலில் குத்தியதுபோல.

கம்பி இழுப்பறையில் இருக்கிறது.
கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.