இரண்டு தேதிகளுக்கு நடுவே

பள்ளிக்கூடத்துக் கணக்கில்
இந்த ஜூன் ஒன்றோடு எனக்கு ஐம்பது.
அம்மா கணக்கில் இன்னும் இல்லை.
ஐப்பசி அடைமழையில்
கெடிலத்து வெள்ளம்
பாலத்தின் இடுப்பைத் தொட்ட நாளில் பிறந்தவள் நான்.
வயசு பத்தவில்லை என்று
ஒன்றாம் வகுப்பு வாத்தியார்
பேனா முனையில் ஐந்து மாதம் முன்னதாகவே
என்னைப் பெற்றெடுத்தார்.

அந்த ஐந்து மாதத்தில்தான் இப்போது இருக்கிறேன்.
அரசாங்கத்துக்கு ஐம்பது, மழைக்கு நாற்பத்தொன்பது.
எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத காலம்;
சில்லறை போல முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மஞ்சக்குப்பம் தலைமைத் தபால் ஆபீஸ்,
சேமிப்புக் கவுண்டர், எண் நான்கு.
போன வாரம் ஒரு பாஸ்புக்கில்
மூன்றும் எட்டும் ஒன்றாகி நின்றன.
‘வெள்ளெழுத்து மேடம், வயசானா வரும்’ என்று
லாரன்ஸ் ரோடு கண்ணாடிக் கடைப் பையன்
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.
நல்ல சொல்தான்.
யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று
உள்ளே எழுதிவைத்திருந்ததும்
சேர்ந்தேதான் வெளுக்கிறது.

எல்லாம் இல்லை.
‘இதுதான் முகூர்த்தப் புடவையா?’ என்று
சின்ன நாத்தனார் கேட்ட தொனியை
இன்றைக்கும்
கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

தமயந்தியும் நானும் ஆறு வருஷம் பேசவில்லை.
சீட்டுப் பணம், இருபத்திரண்டாயிரம்.
குழாயடியில் அவள் குடம் நிறையும்வரை
நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
பிறகு தானே புயல் வந்தது.
விடிந்தபோது எங்கள் மாடித் தகரம்
அவள் வீட்டு முருங்கை மேல் கிடந்தது.
பதினெட்டு நாள் கரண்ட் இல்லை.
இரண்டாம் நாள் இரவு வாசலில் டார்ச் வெளிச்சம்.
‘தகரத்தை எப்ப எடுத்துக்கப்போற?’ என்றாள்.
இடுப்பில் ஒரு குடம் தண்ணீர்,
எங்களுக்கு.
மன்னிப்பு என்று எதையும்
அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
பணமும் வரவில்லை.

இப்போது விடிகாலையில்
தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கிறோம்.
நடப்பது கொஞ்சம், உட்கார்வது மிச்சம்.
அவள் அண்ணனை எடுத்துக்கொண்ட கடல் அது.
அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.
எதிரே நான்,
அவளுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து மகன் பேசுவான்.
சாப்டியா. சாப்டேன். மாத்திரை? போட்டேன்.
ஒரு வாரம் நான்கு சொல்லில் முடிந்துவிடும்.
முன்பு குறையாகத் தெரிந்தது.
இப்போது மூன்றாவது சொல்லில்
அவன் குரல் லேசாக இறங்குவது கேட்கிறது.

அவர் பேசுவது அதைவிடக் குறைவு.
பண்ருட்டிப் பலா வாங்கி வந்து
கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உரிக்கிறார்;
கொட்டையை எடுத்துவிட்டு
சுளையை மட்டும் என் தட்டில் வைக்கிறார்.
இருபத்தாறு வருஷத்தில்
இது எப்போது தொடங்கியது?
நான் கவனிக்கவில்லை.

தேர் முடிந்த மறுவாரம்
கூட்டம் குறைந்த சாயங்காலம்,
பாடலீஸ்வரர் கோயில், பெரியநாயகி சந்நிதி.
முன்பெல்லாம் பட்டியலோடு போவேன்:
மகன் மார்க்கு, அவர் வேலை, வீட்டுக் கடன்,
அந்தக் கட்டி வெறும் கட்டியாகவே இருக்கணும்.
சிலதைக் கொடுத்தாள்,
சிலதுக்கு அவள் பதில் சொல்லவே இல்லை.
அன்றைக்கும் நின்றேன்.
கேட்க ஒன்றும் ஞாபகம் வரவில்லை.
விளக்குச் சுடர் அசைவதைப் பார்த்தபடி
எவ்வளவு நேரம் நின்றேனோ,
பின்னால் இருந்தவர் தோளைத் தட்டி
‘நகரும்மா’ என்றார்.
நகர்ந்தேன்.

ஆறரை டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு.
‘கரையேறவிட்டகுப்பம் எல்லாம் இறங்கு!’
கண்டக்டர் குரலில் அவசரம்.
கல்லில் கட்டிக் கடலில் போட்ட ஒருவரை
அலை இந்தப் பக்கம்தான்
கொண்டுவந்து சேர்த்ததாம்.
சிமென்ட் மூட்டையோடு ஒருவர்,
தூங்கும் பிள்ளையோடு ஒருத்தி
இறங்கிப் போனார்கள்.

எனக்கு இன்னும் ஒரு ஸ்டாப்.
ஐப்பசிக்கு நாள் இருக்கிறது.
குடைக் கம்பி ஒன்று கழன்றிருக்கிறது,
அதற்குள் தைக்கக் கொடுக்க வேண்டும்.