ஆறுக்கு எட்டு, மேட் பேப்பர்

எர்ணாவூர் மேம்பாலத்தடியில் என் கடைக்குக்
கரண்ட் திரும்பியது நாலரைக்கு.
அதுவரை ஸ்டூலில் தேசம்மாள்.
மடியில் பாலித்தீன் பை,
பைக்குள் காலண்டர் அட்டை,
அட்டைக்குள் படம்.

ஸ்கேனரின் வெளிச்சம் ஊர்ந்து போக
திரையில் முதலில் வந்தது வானம்.
முக்கால்வாசி வானம்தான்.
பிறகு இரண்டு கூரை,
எருமையின் முதுகு, அதன்மேல் காக்கை,
குடத்தோடு போகிற ஒருத்தி.
அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.
யாருமே பார்க்கவில்லை,
படம் எடுத்தவனுக்குத் தண்ணீர்கூடக்
கொடுத்திருக்க மாட்டார்கள் போல.

"தாசில்தாரு கேக்குறாரு
அங்க ஊரே இருந்துச்சான்னு.
பெருசு பண்ணிக் குடு."

நானூறு சதவீதத்தில்
எருமையின் கண் கண்ணாக இல்லை,
நாலைந்து சாம்பல் கட்டங்கள்.
எல்லாவற்றின் மேலும் ஒரு வெண்மை
பால் சிந்தித் துடைத்ததுபோல.
மார்கழிப் பனியா அக்கா என்றேன்.
"பனியா? சூளைப் புகை.
கண்ணு எரியும். துணி காயப்போட முடியாது."

மங்கல் நீக்கும் பொத்தானை
மெல்ல வலப்பக்கம் தள்ளினேன்.
கூரைகள் கறுத்தன. காக்கைக்கு அலகு வந்தது.
தொடுவானத்தில் முடி ஒட்டியதுபோல
நேராக ஒரு கோடு.
அழிக்கப் போனேன்.
"அத்த வுடு. புகைக்கூண்டு.
அப்பவே நட்டுட்டானுங்க."

இடது ஓரத்தில் ஒரு ஆள்
பாதி உடம்போடு,
கிணற்றுச் சுவரில் கை ஊன்றி.

"இவன வெட்டிடு."
யார் என்று கேட்கவில்லை.
அவளே சொன்னாள்:
"ஏகாம்பரம். மொத கைநாட்டு
இவன் வச்சதுதான்.
பின்னாடியே பத்து வூடு வச்சுது."

வெட்டினால் கிணறும் போகும் அக்கா.

மேலே ஒரு டேங்கர் லாரி போனது,
இன்னொன்று போனது.
அவள் முந்தானையால் திரையைத் துடைத்தாள்
அவன் முகம் இருந்த இடத்தை
கொஞ்சம் அழுத்தியே.
"கெணறு வேணும்.
இருந்துட்டுப் போறான்."

மூன்று பிரதி. சூடாக வந்தன.
நூற்றைம்பதில் பத்து குறைத்தாள்.
வெயிலில் பையைத் தலைமேல் வைத்து
பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள்.

அடுத்து வந்த பையனின்
ஆதார் நகலில்
கன்னத்தின் குறுக்கே ஒரு கீறல்.
கண்ணாடியைத் திறந்து பார்த்தேன்.
ஒரு மணல்.
ஊதினேன், போகவில்லை.
நகத்தால் எடுக்க வேண்டியிருந்தது.